பாற்பல்லும் தடுப்பூசி அட்டையும்: புதுச்சேரியில் மழலையர் பல்நலம்

சொத்தையான பல்லைப் ‘பூச்சிப்பல்’ என்று அழைக்கும் வழக்கு தமிழ் வழங்கும் நிலம் முழுவதிலும் உண்டு. புதுச்சேரி நகரின் முத்தியால்பேட்டையிலும் முதலியார்பேட்டையிலும் இலாசுப்பேட்டையிலும் குழந்தையின் பல்லில் கறுப்புப் புள்ளியைக் கண்ட வீட்டார் இன்றும் ‘பூச்சி அரித்துவிட்டது’ என்றே சொல்லிக்கொள்கின்றனர். கண்ணுக்குத் தெரியாத புழுவொன்று பல்லுக்குள் குடியிருந்து அதைக் குடைகிறது என்னும் பழைய நம்பிக்கையின் எச்சம் அச்சொல். கண்டங்கத்திரி விதையைத் தணலில் இட்டு, எழும் புகையை வாய்க்குள் பிடித்துப் பூச்சியை வெளியேற்றும் கைமருத்துவம் தமிழகத்து ஊர்களில் நெடுங்காலம் நிலவியது. ஐரோப்பாவிலும் இதே நம்பிக்கையும் ஏறக்குறைய இதே முறையும் வழக்கில் இருந்தன; அங்குக் கண்டங்கத்திரிக்கு மாற்றாகக் குரோசாணி ஓமத்தின் விதை எரிக்கப்பட்டது என்பதும், சூட்டில் வெடித்த விதையின் வெண்ணிறத் துணுக்குகளைப் பார்த்துப் புழு விழுந்துவிட்டதாக மக்கள் நம்பினர் என்பதும் மட்டுமே வேறுபாடு.

இந்த நம்பிக்கையை எழுத்து வழியாக மறுத்தவர்களுள் முதன்மையானவர் பியேர் ஃபோஷார் என்னும் பிரெஞ்சு மருத்துவர். இளமையில் கடற்படையில் அறுவை மருத்துவம் பயின்று, பின்னர்ப் பாரிசில் பல் மருத்துவத்தை மட்டுமே தொழிலாகக் கொண்ட அவர், 1728இல் வெளியிட்ட விரிவான நூலில், சொத்தைப் பற்களை நுண்ணோக்கியில் வைத்துத் தேடியும் புழு எதையும் காணவில்லை என்று பதிவு செய்ததோடு, இனிப்புப் பண்டங்களை மிகுதியாக உண்போரின் பற்களே பெரிதும் கெடுகின்றன என்பதையும் எடுத்துக் காட்டினார். அந்நூல் அச்சேறிய காலத்தில் புதுச்சேரி, பிரெஞ்சுக் கிழக்கிந்தியக் கம்பெனியின் இந்தியத் தலைமையிடமாக இருந்தது. அறிவியல் அதன்பின் நெடுந்தொலைவு சென்றுவிட்டது: வாயிலுள்ள நுண்ணுயிரிகள் மாவுப்பொருளையும் சர்க்கரையையும் அமிலமாக மாற்றுகின்றன, அந்த அமிலமே பல்லைக் கரைக்கிறது என்பதை வில்லபி மில்லர் 1890இல் நிறுவினார், அந்நுண்ணுயிரிகளுள் முதன்மையான ஸ்ட்ரெப்டோகாக்கஸ் மியூட்டன்ஸ் என்பதை 1924இல் கிளார்க் இனங்கண்டார். ஆயினும் சொல் மாறவில்லை. பூச்சி என்பது வெளியிலிருந்து தானாக வந்து சேரும் ஒன்று. அதன் வரவுக்கு வீட்டின் உணவுப் பழக்கமோ துலக்கும் பழக்கமோ பொறுப்பில்லை என்னும் எண்ணத்தை அச்சொல் ஓசையின்றிக் காத்து வருகிறது. குழந்தைப் பல்நலம் பற்றிய பேச்சைச் சொல்லிலிருந்து தொடங்க வேண்டியிருப்பது இதனாலேயே.

பல்லின் மேலுறையான எனாமல், உடலிலேயே மிகக் கடினமான பொருள். கால்சியமும் பாஸ்பேட்டும் சேர்ந்த படிகங்களால் ஆன அவ்வுறை, வாயின் அமிலத்தன்மை ஓர் எல்லையைத் தாண்டும்போது கரையத் தொடங்குகிறது. அமிலக் காரச் சமநிலையைக் குறிக்கும் பிஎச் அளவு ஏறத்தாழ 5.5க்குக் கீழே இறங்குவதே அந்த எல்லை எனப்படும். இனிப்பான எதையேனும் உண்ட சில நிமிடங்களுக்குள் பல்மேல் படிந்துள்ள நுண்ணுயிர்ப் படலத்தில் அமிலம் பெருகுவதையும், உமிழ்நீர் அதை மெல்ல மெல்லக் கழுவிப் பழைய நிலைக்குக் கொண்டுவர அரைமணி நேரமோ அதற்கு மேலோ ஆவதையும் ராபர்ட் ஸ்டீஃபன் 1940களில் அளந்து வரைபடமாக்கினார். கரைந்த தாதுப்பொருள் உமிழ்நீரிலிருந்து மீண்டும் எனாமலில் படிவதற்கு அந்த இடைவேளை இன்றியமையாதது. ஆகவே ஒரு நாளில் குழந்தை எவ்வளவு இனிப்பு உண்கிறது என்பதைக் காட்டிலும் எத்தனை முறை உண்கிறது என்பதே பல்லின் கதியைப் பெரிதும் தீர்மானிக்கிறது. இந்த உண்மை ஓர் அறமற்ற ஆய்வின் வழியாக உலகுக்குத் தெரியவந்தது என்பதை மறைக்காமல் சொல்ல வேண்டும். சுவீடனின் லுண்டு நகருக்கு அருகே விப்பெஹோல்ம் மருத்துவமனையில் இருந்த மனவளர்ச்சி குன்றியோருக்கு, அவர்களது ஒப்புதல் இன்றி, 1940களின் பிற்பகுதியில் ஒட்டும் தன்மையுள்ள டாஃபி மிட்டாய்கள் ஆண்டுக்கணக்கில் கொடுக்கப்பட்டன; உணவோடு சேர்த்து இனிப்பு உண்டோரைவிட, உணவு வேளைகளுக்கு இடையே மிட்டாய் உண்டோரின் பற்கள் பன்மடங்கு கெட்டன என்பது 1954இல் வெளியான அதன் முடிவு.

புதுச்சேரி வீடுகளின் ஒரு நாளை இந்த அறிவின் வெளிச்சத்தில் பார்த்தால் சிக்கல் விளங்கும். காலையில் பாண்லே கூட்டுறவுப் பாலைக் காய்ச்சிச் சர்க்கரை கலந்து கொடுப்பது, பத்து மணிக்கு ரஸ்க்கோ பிஸ்கட்டோ கையில் தருவது, அழுதால் கடைக்குத் தூக்கிச் சென்று மிட்டாய் வாங்கித் தருவது, மாலையில் கடற்கரைச் சாலையில் உலவும்போது வாய்க்கு ஏதேனும் கொடுப்பது, இரவில் மீண்டும் சர்க்கரை கலந்த பால் என்று குழந்தையின் வாய் அமில நிலையிலிருந்து மீளவே நேரம் வாய்ப்பதில்லை. இவற்றுள் ஒவ்வொன்றும் அன்பின் செயலே. எந்தப் பாட்டியும் பேரனின் பல்லைக் கெடுக்க எண்ணிப் பாலில் சர்க்கரை போடுவதில்லை. 2024 பிப்ரவரியில் ரோடமின்-பி என்னும் தொழிற்சாலைச் சாயம் கலந்திருப்பது தெரியவந்து புதுச்சேரி அரசு பஞ்சு மிட்டாய் விற்பனைக்குத் தடை விதித்தபோது, அச்செய்தி நகரெங்கும் பேசப்பட்டது. தமிழ்நாடும் உடனே பின்பற்றியது. சாயத்தின் தீங்கு சட்டத்தின் கண்ணில் பட்டது, பட வேண்டியதும்தான். ஆனால் சாயம் கலவாத இனிப்பு நாள்தோறும் மழலையர் வாயில் செய்யும் வேலையைப் பற்றி அதே அளவு அக்கறையோடு பொதுவெளியில் பேசப்பட்டதில்லை. உலக நலவாழ்வு அமைப்பு 2015இல் வெளியிட்ட வழிகாட்டுதல், உணவில் தனியாகச் சேர்க்கப்படும் சர்க்கரையிலிருந்து பெறும் ஆற்றல் மொத்தத்தில் பத்து விழுக்காட்டுக்குக் கீழ் இருக்க வேண்டும் என்றும், ஐந்து விழுக்காட்டுக்குக் கீழ் இருப்பின் மேலும் நன்று என்றும் கூறியபோது, அதற்கான சான்றுகளுள் பல்சொத்தையும் ஒன்றாக இருந்தது.

இரவுப் பாலைப் பற்றித் தனியே சொல்ல வேண்டும். உறக்கத்தில் உமிழ்நீர்ச் சுரப்பு வெகுவாகக் குறைந்துவிடுகிறது, விழுங்குவதும் குறைகிறது. பால் புட்டியை வாயில் வைத்தபடியே உறங்கும் குழந்தையின் மேல்வரிசை முன்பற்களைச் சுற்றிச் சர்க்கரை கலந்த பால் மணிக்கணக்கில் தேங்கி நிற்கிறது. கீழ்வரிசை முன்பற்களை நாக்கும் அடிநாக்குச் சுரப்பிகளின் உமிழ்நீரும் மூடிக் காப்பதால் அவை பெரும்பாலும் தப்பிவிடுகின்றன. மேலே நான்கு பற்கள் கரைந்து கறுத்தும் கீழே நான்கு பற்கள் வெண்மையாகவும் இருக்கும் இத்தோற்றத்தைப் பல் மருத்துவர்கள் முன்பு ‘பால்புட்டிச் சொத்தை’ என்றனர். புட்டி மட்டுமே காரணமன்று என்பது தெளிவான பின்னர், ஆறு வயதுக்குட்பட்ட குழந்தையின் எந்தவொரு பாற்பல்லிலும் காணும் சொத்தையைப் பொதுவாக ‘மழலைப்பருவப் பல்சொத்தை’ என்று குறிப்பிடலாயினர். தாய்ப்பாலைப் பற்றி இங்கே தவறான எண்ணம் எழ இடம் தரக்கூடாது. முதல் ஓராண்டில் தாய்ப்பால் பல்லுக்குத் தீங்கு செய்வதாகச் சான்றில்லை. மாறாகப் புட்டிப்பாலோடு ஒப்பிடுகையில் அது காப்பாகவே அமைகிறது. ஓராண்டுக்குப் பிறகு இரவு முழுவதும் அடிக்கடி பாலூட்டுவது, பல் துலக்காமையும் பிற இனிப்புணவும் உடன் சேரும்போது சொத்தைக்கு வழிசெய்கிறது என்பதே ஆய்வுகளின் போக்கு. இதிலிருந்து தாய்ப்பாலை நிறுத்துவது என்னும் முடிவுக்கு வருவது பெருந்தவறு. முளைத்த பல்லைத் துடைக்கத் தொடங்குவதே பெறத்தக்க முடிவு.

சொத்தை கறுப்பாகத் தொடங்குவதில்லை என்பதை அறிந்த பெற்றோர் மிகச் சிலரே. அதன் முதற்கட்டம் வெண்மை: ஈறை ஒட்டிய ஓரத்தில், சுண்ணாம்பு தடவியதுபோல் மங்கலான ஒரு வெண்கோடு. எனாமலின் உள்ளிருந்து தாதுப்பொருள் கரைந்து வெளியேறியதன் அடையாளம் அது; மேற்பரப்பு இன்னும் உடையாததால், இக்கட்டத்தில் இனிப்பின் இடைவெளியைக் கூட்டிப் புளோரைடைப் பூசினால் பல் தன்னைத் தானே செப்பனிட்டுக்கொள்ளும். மாதம் ஒருமுறை குழந்தையின் மேலுதட்டை விரலால் தூக்கிப் பார்த்தாலே இக்கோடு கண்ணில் படும். கருவி வேண்டா, செலவும் இல்லை. உதட்டின் மறைவில் இருப்பதாலும், பல் வெள்ளையாகத்தானே இருக்க வேண்டும் என்னும் எண்ணத்தாலும் அது கவனிக்கப்படாமல் போய், மஞ்சளாகி, பழுப்பாகி, குழிவிழுந்த பிறகே வீட்டாருக்குத் தெரியவருகிறது.

தெரியவந்த பிறகும் செயல்படாமைக்குக் காரணமாவது இரண்டாவது சொல். ‘பால்பல்தானே, விழுந்துவிடும்’ என்னும் தொடரைப் புதுச்சேரியில் மட்டுமன்றித் தமிழ்க் குடும்பங்கள் எங்கும் கேட்கலாம். விழுந்த பல்லைச் சாணத்தில் பொதிந்து கூரைமேல் எறியும் வழக்கமும், புதுப்பல் நேராக முளைக்க வேண்டும் என்னும் வேண்டுதலும் பாற்பல்லைக் கடந்து போகும் ஒன்றாகவே கருதுகின்றன. ஆனால் பாற்பற்கள் இருபதும் ஒரே காலத்தில் விழுவதில்லை. ஆறாம் மாத அளவில் கீழ் முன்பற்கள் தொடங்கி, இரண்டரை அல்லது மூன்று வயதுக்குள் இருபதும் வந்துவிடுகின்றன. முன்பற்கள் ஆறேழு வயதில் விழ, கடைவாய்ப் பாற்பற்களோ பத்து முதல் பன்னிரண்டு வயது வரை நிற்கின்றன. மூன்று வயதில் சொத்தையாகும் கடைவாய்ப் பாற்பல் இன்னும் எட்டு ஆண்டுகள் மென்று தர வேண்டிய பல் என்று கணக்கிட்டுப் பார்த்தால், ‘விழுந்துவிடும்’ என்பதன் பொருளே மாறிவிடும்.

மேலும், பாற்பல்லின் எனாமல் நிலைப்பல்லின் எனாமலில் ஏறத்தாழப் பாதி கனமே உடையது. உள்ளிருக்கும் பல்கூழ், அதாவது நரம்பும் குருதிநாளமும் நிறைந்த உயிருள்ள பகுதி, பல்லின் அளவோடு ஒப்பிடப் பெரிதாகவும் மேற்பரப்புக்கு நெருக்கமாகவும் அமைந்துள்ளது. ஆதலால் வளர்ந்தவரின் பல்லில் ஆண்டுக்கணக்கில் நடக்கும் அழிவு மழலையின் பல்லில் மாதக்கணக்கில் நடந்து முடிகிறது. சீழ் வேர்முனை வரை இறங்கினால், அதன் கீழே உருவாகிக்கொண்டிருக்கும் நிலைப்பல்லின் எனாமல் குறைபட்டுப் பழுப்புத் தழும்போடு முளைக்கக்கூடும். இதற்கு ‘டர்னர் பல்’ என்று பெயர். கடைவாய்ப் பாற்பல்லை உரிய காலத்துக்கு முன்பே பிடுங்கிவிட்டால், பின்னாலுள்ள பல் முன்னோக்கிச் சாய்ந்து இடத்தை அடைத்துக்கொள்ள, பத்து வயதில் வர வேண்டிய நிலைப்பல் வழியின்றி நெருக்கியடித்துக் கோணலாக முளைக்கிறது. வரிசை சீராக்கக் கம்பி கட்டும் செலவைப் பின்னர் ஏற்கும் குடும்பங்களுள் பல, அச்செலவின் தொடக்கம் எங்கே இருந்தது என்பதை அறிவதில்லை. இவை அனைத்தையும்விடக் கொடியது வலி. மூன்று வயதுக் குழந்தை ‘பல் வலிக்கிறது’ என்று சொல்லத் தெரியாமல் ஒரு பக்கமாக மெல்லும். கெட்டியான சோற்றை ஒதுக்கிப் பாலை மட்டும் கேட்கும். இரவில் காரணமின்றி விழித்து அழும். அடம் என்றும் பசியின்மை என்றும் வீட்டார் எண்ணுவதன் வேர் பல்லில் இருப்பதுண்டு.

இத்துன்பத்தின் அளவு சிறியதன்று. உலக நலவாழ்வு அமைப்பு 2022இல் வெளியிட்ட வாய்நல அறிக்கை, உலகில் 51 கோடிக்கும் மேற்பட்ட குழந்தைகளுக்குப் பாற்பல் சொத்தை இருப்பதாக மதிப்பிட்டது. இந்தியப் பல் மருத்துவக் கவுன்சில் 2002-03இல் நடத்திய தேசிய வாய்நல ஆய்வில் ஐந்து வயதுக் குழந்தைகளுள் 51.9 விழுக்காட்டினருக்குச் சொத்தை காணப்பட்டது. முதல் வகுப்பின் வாசலுக்கு வரும் இரு குழந்தைகளுள் ஒன்றுக்குப் பல் கெட்டிருந்தது என்பது அதன் பொருள்.

புதுச்சேரியில் பல் மருத்துவ வசதிக்குப் பஞ்சமில்லை. 1823இல் பிரெஞ்சு ஆட்சியில் தொடங்கிய மருத்துவப் பள்ளியின் மரபில் வந்த ஜிப்மர் மருத்துவமனை கோரிமேட்டில் உள்ளது. அதே பகுதியில் இந்திரா நகரில், ஒன்றியப் பகுதி அரசின் மகாத்மா காந்தி பல் மருத்துவப் பட்டமேற்படிப்பு நிறுவனம் 1990 முதல் இயங்குகிறது. பிள்ளையார்குப்பத்தில் தனியார் பல் மருத்துவக் கல்லூரி உண்டு. நகரின் தெருக்கள்தோறும் தனிப் பல் மருத்துவமனைகள் உள்ளன. 2011ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பில் புதுச்சேரி மாவட்டத்தின் மக்கள்தொகை சுமார் 9.5 லட்சம். இத்தகைய சிறு நிலப்பரப்பில் இத்தனை நிறுவனங்கள் அமைந்திருப்பது இந்தியாவின் பெரும்பாலான மாவட்டங்களுக்கு வாய்க்காத பேறு. ஆயினும் நாற்காலிகள் இருப்பதாலேயே பற்கள் காக்கப்படுவதில்லை. பல் மருத்துவரிடம் செல்வது வலி வந்த பிறகு என்பதே இந்தியக் குடும்பங்களின் பொதுவழக்கு. வலி வந்த பிறகு செல்லும் மழலைக்கு எஞ்சுவன பல்கூழை அகற்றும் சிகிச்சை, பல்லைப் பிடுங்குதல், ஒத்துழைக்க இயலாத வயதாயின் முழுமயக்கத்தில் அறுவை ஆகியவையே. முதற்பல் முளைத்ததும், எப்படியாயினும் முதல் பிறந்தநாளுக்குள், குழந்தையைப் பல் மருத்துவர் ஒருமுறை பார்க்க வேண்டும் என்று குழந்தைப் பல் மருத்துவச் சங்கங்கள் சொல்லி வருகின்றன. நோயில்லாத குழந்தையைக் கூலியை விட்டுவிட்டுக் கோரிமேட்டுக்குத் தூக்கிச் செல்லுமாறு பாகூரிலோ வில்லியனூரிலோ இருக்கும் தாயிடம் எதிர்பார்ப்பது எளிதன்று. பரிந்துரை சரியானது, அது தாயைத் தேடிச் செல்ல வேண்டும்.

அவ்வாறு செல்வதற்கான வழி ஏற்கெனவே போடப்பட்டிருக்கிறது என்பதே இக்கட்டுரை முன்வைக்கும் கருத்து. புதுச்சேரியில் ஏறத்தாழ எல்லாக் குழந்தைகளும் மருத்துவமனையில்தான் பிறக்கின்றன. பிறந்த அன்றே தடுப்பூசி அட்டை தாயின் கைக்கு வருகிறது. அதில் குறித்த நாளைத் தவறவிடும் தாய் இங்கு அரிது. தேசியத் தடுப்பூசி அட்டவணையும் பற்கள் முளைக்கும் கால வரிசையும் வியப்பூட்டும் அளவுக்குப் பொருந்தி வருகின்றன. ஒன்பதாம் மாதத்தில் தட்டம்மை, ருபெல்லா ஊசிக்கு வரும்போது முன்பற்கள் முளைத்திருக்கும். அன்றே தாய்க்கு மேலுதட்டைத் தூக்கிப் பார்க்கக் கற்றுத்தரலாம், ஈரத் துணியிலிருந்து சிறு பிரஷ்ஷுக்கு மாறச் சொல்லலாம். பதினாறு முதல் இருபத்து நான்கு மாதங்களுக்குள் ஊக்க ஊசிக்கு வரும் காலம் இன்னும் இன்றியமையாதது. சொத்தைக்குக் காரணமான நுண்ணுயிரி பெரும்பாலும் தாயின் உமிழ்நீரிலிருந்தே குழந்தையின் வாய்க்குள் குடியேறுகிறது என்றும், அக்குடியேற்றம் பத்தொன்பது முதல் முப்பத்தொரு மாதங்களுக்குள் மிகுதியாக நிகழ்கிறது என்றும் காஃபீல்டும் அவருடைய குழுவினரும் 1993இல் கண்டனர். அதற்கு முன்பே குடியேறுவதும் உண்டு என்று பின்வந்த ஆய்வுகள் காட்டின. கடைவாய்ப் பற்கள் முளைப்பதும் இதே காலத்தில்தான். பால்புட்டியை நிறுத்திக் குவளைக்கு மாற்றுவதற்கும் இதுவே தக்க வயது. ஒன்பதாம் மாதம் தொடங்கி ஐந்து வயது வரை ஆறு மாதத்துக்கு ஒருமுறை வைட்டமின் ஏ சொட்டு மருந்து தரப்படுவது, குழந்தையின் வாயைத் திறந்தே ஆக வேண்டிய ஒரு வேளை; திறந்த வாயில் பல்லையும் பார்ப்பதற்குச் சில நொடிகள் போதும். 2013இல் தொடங்கிய தேசியச் சிறார் நலத் திட்டம் அங்கன்வாடிக் குழந்தைகளை ஆண்டுக்கு இருமுறை பரிசோதிக்க வகை செய்துள்ளது. அதன் நோய்ப் பட்டியலில் பல் நோயும் இடம்பெற்றுள்ளது. புதிதாக ஒரு துறையோ ஒரு கட்டடமோ தேவையில்லை. எடை பார்க்கும் செவிலியரும் சத்துமாவு தரும் அங்கன்வாடி ஊழியரும் வெண்கோட்டை இனங்காணக் கற்றுக்கொண்டால், பல் மருத்துவரிடம் அனுப்ப வேண்டிய குழந்தை எது என்பது வலிக்கு முன்பே தெரிந்துவிடும்.

தாயின் வாயிலிருந்து குழந்தையின் வாய்க்கு என்னும் இந்தச் செய்தியை எவ்வாறு சொல்வது என்பதில் கவனம் தேவை. ஒரே கரண்டியால் ஊட்டாதீர், முத்தமிடாதீர் என்று சொல்வது பாட்டியும் அத்தையும் ஒரே தட்டில் பிசைந்து ஊட்டும் குடும்பத்தில் நடவாத அறிவுரை. மேலும் அது தாயைக் குற்றவாளியாக்குகிறது. பயன்தரும் வழி, கருவுற்ற காலத்திலேயே தாயின் சொத்தைகளை அடைத்துவிடுவது. கருவுற்றிருக்கும்போது பல் மருத்துவம் கூடாது என்னும் அச்சம் பரவலாக உள்ளது. நான்காம் மாதம் முதல் ஆறாம் மாதம் வரை வழக்கமான பல் சிகிச்சையைத் தயக்கமின்றிச் செய்துகொள்ளலாம் என்பதை மகப்பேற்றுப் பரிசோதனைக்கு வரும் நாளிலேயே எடுத்துச் சொல்வது நன்று.

பற்பசையைப் பற்றிய குழப்பம் தனி. பற்பசையிலுள்ள புளோரைடு, எனாமலில் கரைந்த இடத்தை மீண்டும் நிரப்பி, முன்னிலும் அமிலத்தைத் தாங்கும்படி செய்கிறது. 2021இல் உலக நலவாழ்வு அமைப்பு தன் இன்றியமையா மருந்துப் பட்டியலில் புளோரைடு பற்பசையைச் சேர்த்தது. இந்திய விதிகளின்படி பற்பசையில் புளோரைடு மில்லியனுக்கு 1000 பங்கை மிஞ்சக்கூடாது. அந்த அளவு குழாயின் மேலும் அட்டைப்பெட்டியிலும் அச்சிடப்பட்டிருக்க வேண்டும். குழந்தைகளுக்கென்று வண்ணப்படங்களோடு விற்கப்படும் பசைகளுள் சிலவற்றில் புளோரைடு மிகக் குறைவு அல்லது இல்லவே இல்லை. பெற்றோர் படத்தைப் பார்த்து வாங்குகின்றனரே அன்றி எண்ணைப் பார்ப்பதில்லை. மறுபுறம், தருமபுரி, கிருஷ்ணகிரி போன்ற மாவட்டங்களின் நிலத்தடி நீரில் புளோரைடு மிகுந்து பற்களில் பழுப்புக் கறையும் எலும்பு நோயும் உண்டான துயரத்தைத் தமிழர் அறிவர். ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் அதன் பொருட்டே எழுந்தது. இந்தியத் தர நிர்ணயம் குடிநீரில் லிட்டருக்கு ஒரு மில்லிகிராமை ஏற்கத்தக்க அளவாக வைத்துள்ளது. புளோரைடு நஞ்சா, மருந்தா என்னும் வினாவுக்கு அளவே விடை: மூன்று வயதுக்குட்பட்ட குழந்தைக்கு ஓர் அரிசி மணி அளவு, மூன்று முதல் ஆறு வயது வரை ஒரு பட்டாணி அளவு, துலக்கிய பின் துப்பினால் போதும், வாய் நிறைய நீர்விட்டுக் கொப்பளித்தால் மருந்து முழுவதும் கழுவப்பட்டுவிடும். விளம்பரங்களில் பிரஷ்ஷின் முழு நீளத்துக்கும் வளைந்து கிடக்கும் பசை, மழலைக்கு வேண்டிய அளவைவிடப் பன்மடங்கு. கரியும் செங்கற்பொடியும் எனாமலைத் தேய்த்துவிடும். ஆலங்குச்சியும் வேலங்குச்சியும் மென்று துலக்கும் திறமுள்ள வளர்ந்தோருக்கு உரியவை, கடைவாய் எட்டாத குழந்தைக்கு அவற்றால் பயனில்லை. சட்டைப் பொத்தானைத் தானே போடத் தெரியாத கைக்குப் பல்லைத் தானே துலக்கத் தெரியாது என்பதை மனத்தில் கொண்டு, ஏழெட்டு வயது வரை பெற்றோரே துலக்கிவிட வேண்டும். குறிப்பாக உறங்கும் முன்.

இத்தகைய எளிய செயல்களைப் பொது ஏற்பாடாக மாற்றிய நாடுகள் உண்டு. ஸ்காட்லாந்தில் ‘சைல்டுஸ்மைல்’ என்னும் திட்டத்தின்கீழ் மழலையர் பள்ளிகளில் ஆசிரியர் மேற்பார்வையில் நாள்தோறும் ஒருமுறை எல்லாக் குழந்தைகளும் சேர்ந்து பல் துலக்குகின்றனர். முதல் வகுப்பில் சேரும் குழந்தைகளுள் வெளிப்படையான சொத்தை இல்லாதோர் அங்கே 2003இல் 45 விழுக்காடு. 2020இல் 73.5 விழுக்காடு. பிரான்சு நாட்டின் மருத்துவக் காப்பீடு 2007 முதல் கட்டணமில்லாப் பல் பரிசோதனைக்குக் குழந்தைகளை அழைக்கும் திட்டத்தை நடத்திவருகிறது; ஆறு வயதில் தொடங்கிய அழைப்பு 2019இல் மூன்று வயதுக்கு முன்னகர்த்தப்பட்டது. பிரான்சோடு உறவும் குடியுரிமையும் உடைய குடும்பங்கள் இன்றும் வாழும் புதுச்சேரிக்கு இந்த மாற்றத்தின் காரணம் விளங்காததன்று: ஆறு வயது என்பது காலங்கடந்த வயது என்பதை அந்நாடு பட்டறிவால் உணர்ந்தது. ஸ்காட்லாந்தின் வெற்றியில் விலையுயர்ந்த கருவி எதுவும் இல்லை. ஒரு பிரஷ், பட்டாணியளவு பசை, நாள்தவறாமை. மதிய உணவுக்குப் பின் இருபது குழந்தைகள் கை கழுவும் அங்கன்வாடி முற்றத்தில் இதைச் செய்ய முடியாது என்று சொல்லக் காரணம் ஏதுமில்லை.

சொத்தை வந்துவிட்ட பின்னும் துளையிடும் கருவியின் ஓசைக்குக் குழந்தையை உட்படுத்தாமல் செய்யத்தக்கவை இன்று உள்ளன. வெள்ளிச் சேர்மம் கலந்த புளோரைடு நீர்மம் ஒன்றைச் சொட்டாகத் தடவினால் சொத்தையின் வளர்ச்சி நின்றுவிடுகிறது; ஜப்பானில் அரை நூற்றாண்டாகப் புழங்கும் இம்மருந்தும் 2021இல் இன்றியமையா மருந்துப் பட்டியலில் இடம்பெற்றது. தடவிய இடம் நிலையாகக் கறுத்துப்போவது அதன் குறை. முன்பல் கறுப்பதை, அதிலும் பெண்குழந்தைக்குக் கறுப்பதை, ஏற்கத் தமிழ்ப் பெற்றோர் தயங்குவர் என்பதால் ஒப்புதல் பெற்று, கடைவாயில் தொடங்குவது முறை. கைக்கருவியால் மட்டும் மென்மையான சொத்தையைச் சுரண்டி எடுத்துப் புளோரைடை வெளியிடும் சிமெண்டால் அடைக்கும் முறை, 1980களில் மின்வசதியற்ற தான்சானியக் கிராமங்களில் உருவாகி, பின்னர் உலகெங்கும் பரவியது. மருத்துவரும் தாயும் எதிரெதிரே முழங்காலோடு முழங்கால் சேர்த்து அமர, குழந்தை தாயின் முகத்தைப் பார்த்தவாறு மல்லாந்து படுத்து மருத்துவரின் மடியில் தலைவைக்கும் நிலையில், இரண்டு நிமிடங்களில் வாய் முழுவதையும் பார்த்துவிடலாம். அழும் குழந்தையின் வாய் திறந்தே இருப்பதால் அழுகையும் தடையாவதில்லை. குழந்தைப் பல் மருத்துவத்தில் ‘சொல், காட்டு, செய்’ என்னும் நெறி 1959 முதல் பின்பற்றப்படுகிறது: கருவியின் பெயரைக் குழந்தையின் மொழியில் சொல்லி, அதன் விரல்நகத்தின் மேல் இயக்கிக் காட்டி, அதன் பிறகே பல்லைத் தொடுவது. அடங்காத பிள்ளைக்கு ‘டாக்டரிடம் சொல்லி ஊசி போடச் சொல்வேன்’ என்று வீட்டில் எழும் மிரட்டல், இந்நெறி மாதக்கணக்கில் கட்டியெழுப்பும் நம்பிக்கையை ஒரு நொடியில் இடித்துவிடுகிறது.

பொறுப்பு முழுவதையும் தாயின் தலையில் ஏற்றும் போக்கு நலவாழ்வு அறிவுரைகளில் மலிந்துள்ளது. பகல் முழுதும் குழந்தையைப் பார்த்துக்கொள்வது பாட்டியாயின் புட்டியில் சர்க்கரை போடுவதா வேண்டாமா என்பதை முடிவு செய்பவர் அவரே. மாலையில் மிட்டாயோடு வீடு திரும்புபவர் பெரும்பாலும் தந்தை அல்லது மாமா. இருமலுக்கு இனிப்பான சிரப்பை எழுதித் தருபவர் மருத்துவர், அதைக் குடித்த பின் வாயைக் கழுவ வேண்டும் என்று சொல்லத் தவறுபவரும் அவரே. பல் முளைக்கும்போது காய்ச்சலும் பேதியும் வருவது இயல்பு என்று எண்ணி உண்மையான நோய்த்தொற்றைக் கவனியாது விடுவதும், ஈறு அரிப்புக்குத் தேன் தடவுவதும் வீட்டுப் பெரியவர்களின் அறிவுரையால் நடப்பவை. ஓராண்டு நிறையாத குழந்தைக்குத் தேன் எவ்வகையிலும் தரத்தக்கதன்று. ஆகவே தடுப்பூசி நாளில் சொல்லப்படும் சொல், உடன் வரும் பாட்டியின் காதிலும் விழுமாறு சொல்லப்பட வேண்டும்.

அட்டவணையின் கடைசிப் பத்திகளுள் ஒன்று ஐந்து முதல் ஆறு வயதுக்குள் போடப்படும் ஊக்க ஊசி. அதை ஒட்டிய மாதங்களில், பாற்பல் வரிசைக்கு அப்பால் கடைவாயின் கோடியில், எந்தப் பல்லும் விழாமலேயே ஒரு புதுப்பல் முளைக்கிறது. விழுந்த இடத்தில் முளைக்காததால் வீட்டார் அதை இன்னொரு பாற்பல் என்றே எண்ணிவிடுகின்றனர். உண்மையில் அதுவே முதல் நிலைப்பல். வாழ்நாள் முழுதும் மெல்லுவதற்குரிய பல். அதன் மேற்பரப்பில் உள்ள ஆழ்ந்த பள்ளங்களில் உணவு எளிதில் தங்குவதால், முளைத்த ஓரிரு ஆண்டுகளுக்குள் அது சொத்தையாவது மிகுதி. பள்ளங்களை மெல்லிய பிசினால் அடைத்துவிட்டால் தப்பிவிடும். ஊசி போட்ட செவிலியர் பஞ்சை அழுத்திப் பிடித்தபடி, கைவிளக்கின் ஒளியில் கடைவாயின் கோடியைப் பார்த்து, அப்பல் எட்டிப்பார்க்கிறதா இல்லையா என்பதை அதே அட்டையில் ஒரு கோடிட்டுக் குறித்துவிடலாம்.